5 நாளுக்கு எழுதிய மூட்டுவலி மாத்திரையை அம்மா 2 மாதமாகப் போடுகிறார். என்ன செய்ய?

தொண்ணூறடிக்காரன்:

தாராவியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 61 வயது, இட்லி வியாபாரம். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தால்தான் 6 மணிக்கு சைக்கிள்காரர்களுக்குக் கொடுக்க முடியும். முழுக்க நின்றே பார்க்கிற வேலை. படுக்கை மாடியில், ஏறி இறங்க ஏணி மாதிரி செங்குத்தான இரும்புப் படி. முட்டி தேய்ந்துபோனதில் ஆச்சரியம் இல்லை.

பல வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். டெல்மிசார்டான் 40, அதிலேயே ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்தது. 2 மாதத்துக்கு முன் முட்டி வீங்கி நடக்க முடியாமல் போனபோது டாக்டரிடம் காட்டினோம். அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரை எழுதினார். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு, 5 நாள். வயிற்றுக்குக் காலையில் பான்டோப்ரசோல் 40. சீட்டில் அவ்வளவுதான்.

5 நாளில் வலி விட்டது, நிறுத்தியதும் திரும்ப வந்தது. அப்புறம் எங்களிடம் சொல்லாமல் தெருவிலிருக்கும் மெடிக்கலில் நாலு நாலாக வெட்டி வாங்கிப் போட்டிருக்கிறார். நேற்று சீரகம் தேடும்போதுதான் அந்த டப்பாவைப் பார்த்தேன். கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத் துண்டுகள். ஒன்றில் மருந்துப் பெயரின் வால் மட்டும் இருக்கிறது. காலாவதித் தேதி இருந்த பக்கம் கடையிலேயே போய்விட்டது. பான்டோப்ரசோலை "வாயுவுக்கு எதுக்குய்யா தனி மாத்திரை" என்று அன்றைக்கே விட்டுவிட்டாராம். 3 மணிக்கு வெறும் வயிற்றில் வரக்காப்பியோடு முதல் மாத்திரை. சாயங்காலம் உடம்புவலிக்குப் பாராசிட்டமால் 650, சில நாள் இரண்டு.

ஒரு வாரமாக இரண்டு காலும் வீக்கம். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது, விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கிறது. பக்கத்து வீட்டு மிஷினில் பிரஷர் 162/96. முன்பெல்லாம் 130-ஐத் தாண்டாது. வயிற்று வலி இல்லை என்கிறார். "ஏய்யா, அதைப் போட்டாத்தான் கொப்பரையத் தூக்க முடியுது" என்கிறவரை எப்படி நிறுத்தவைப்பது? திடீரென்று நிறுத்தலாமா? ஜெல் தடவினால் போதுமா?

கோலிவாடா மருந்தாளுநர்:

தம்பி, இன்று ராத்திரியே அந்த வலி மாத்திரை வேண்டாம். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை, அப்படியே நிறுத்தலாம். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை டாக்டர் முடிவு செய்யட்டும். நாளைக் காலையே காட்டி கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவு), பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ காலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

நான் பயப்படுவது அம்மாவின் சிறுநீரகத்தை நினைத்துத்தான். சிறுநீரகத்தில் இரத்தம் வடிகட்டியாவதற்கு ஓர் அழுத்தம் வேண்டும். உள்ளே வரும் குழாயை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடம்பிலேயே சுரக்கும் வேதிப்பொருள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் அதுதான், இந்த மாத்திரை அடக்குவதும் அதைத்தான். ஆக உள்ளே வரும் குழாய் சுருங்குகிறது. டெல்மிசார்டான் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. மூன்றும் ஒரே உடம்பில் சேரும்போது வடிகட்டியில் அழுத்தம் ரொம்பக் குறைந்துபோகலாம். அடுப்படி வெக்கையில் வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடிப்பவர் என்றால் இன்னும் மோசம். போதாததற்கு இந்த வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். கால் வீக்கமும் பிரஷர் ஏறியதும் அதனால் இருக்கலாம்.

பாராசிட்டமால் கணக்கு: 325 இரண்டு, 650 இரண்டு, மொத்தம் 1950 மி.கி. நாளுக்கு 4000 என்ற உச்சவரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் சளி மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும், எதை வாங்கினாலும் கூட்டிப் பாருங்கள். அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள். அந்தக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் எடுக்கக் கூடாத மருந்து. என் தொழிலில் இருப்பவர்களே அதை வெட்டிக் கொடுப்பது எனக்கு வேதனை.

மலம் கறுத்துப் போகிறதா என்று அம்மாவிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

மாட்டுங்கா ஜெயா:

அந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்கிறேன், தம்பி. என் வீட்டுக்காரர் இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 சாப்பிடுபவர். முதுகுவலிக்கு ஒரு டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், தோள்வலிக்கு இன்னொருவர் வேறு மாத்திரை எழுதினார். பெயர் வேறு, நிறம் வேறு, இரண்டுக்குள்ளும் டைக்ளோஃபெனாக், உங்கள் அம்மா போட்ட அதே வகை வலி மருந்து. நாங்கள் அதைப் படித்துப் பார்க்கவில்லை. ஒரு நாள்கூட வயிறு வலிக்கிறது என்று அவர் சொன்னதில்லை. நான்கைந்து நாளாகத் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போயிருக்கிறது, ஏதோ சாப்பாடு என்று விட்டுவிட்டார். கடைசியில் குளியலறையில் மயங்கி விழுந்தார். வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசிந்திருக்கிறது, 2 யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் நீங்களே அப்படி முடிவு கட்டாதீர்கள்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு மேஜையில் கொட்டிவிடுவேன். முழு அட்டை வாங்குவேன், பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசியாகத்தான் உடைப்பேன்.

அந்தேரி குமார்:

எட்டோரிகாக்ஸிப் என்று வேறு வலி மாத்திரை இருக்கிறது, அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். வயிற்றைப் புண்ணாக்காது. என் அப்பா அதைத்தான் போடுகிறார்.

கோலிவாடா மருந்தாளுநர்:

குமார் சார், வயிற்றுக்கு ஆபத்து குறைவு என்பது சரி, இல்லவே இல்லை என்பது சரியல்ல. இங்கே பிரச்சினை சிறுநீரகமும் பிரஷரும். அதற்கு இந்த மருந்தும் அதே இனம்தான். பிரஷர் 140/90-க்கு மேலேயே நிற்பவர்களுக்கு எட்டோரிகாக்ஸிப் கொடுக்கவே கூடாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்ஸிப், மாரடைப்பு ஆபத்து தெரியவந்து 2004-ல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. உங்கள் அப்பாவுக்கும் பிரஷர் பார்த்து வையுங்கள்.

இன்னொன்று, மழைக்காலமாக இருப்பதால் எல்லோருக்கும் சொல்கிறேன். காய்ச்சலோடு மூட்டுவலி வந்தால் மிச்சம் கிடக்கும் இந்த மாத்திரையை எடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும்தான்.

தொண்ணூறடிக்காரன்:

அன்று இரவே டப்பாவை எடுத்து ஒளித்துவிட்டேன். அம்மா என்னோடு பேசவில்லை. காலையில் இட்லி போனதும் கூட்டிப்போனேன். மலம் கறுக்கவில்லை, ஹீமோகுளோபின் 11.2. கிரியேட்டினின் 1.7. போன வருஷம் எடுத்த ரிப்போர்ட்டில் 0.9. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார், பிரஷர் மாத்திரையையும் தற்காலிகமாக வேறு வகைக்கு மாற்றினார். 10 நாள் கழித்து நேற்று பார்த்தால் 1.2. கால் வீக்கம் வடிந்து கொலுசு மறுபடி ஆடுகிறது. பிரஷர் 138/84. ஜெல் பற்றியும் கேட்டேன். தோல் வழியாக இரத்தத்தில் சேர்வது குறைவு, ஆனாலும் சிறுநீரகம் சரியாகும் வரை அதுவும் வேண்டாம் என்றார். வலிக்குப் பாராசிட்டமால் 650, நாளுக்கு மூன்றுக்கு மேல் கூடாது.

ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணி இறக்க வேண்டும். அம்மா மாவு பொங்குவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்கிறார், எண்ணுவது என் மகள். கொப்பரையை இனி நான் தூக்குகிறேன். அதற்காக 4 மணிக்கு எழுகிறேன். உண்மையில் அம்மாவுக்கு அந்த மாத்திரை தேவைப்பட்டதே அந்தக் கொப்பரைக்காகத்தான், அதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ஜெயா அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே பை தைத்தாகிவிட்டது. அடுத்த இரத்தப் பரிசோதனை 2 வாரம் கழித்து.