உருகி இருக்கிறது, சர்க்யூட் பிரேக்கருக்கு என்ன சொல்?

வணக்கம். மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே நிறுத்திவிடும் சர்க்யூட் பிரேக்கருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் 'சுற்று உடைப்பான்', 'முறிப்பான்', 'துண்டிப்பான்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்ல, முதலில் ஃபியூஸிலிருந்து தொடங்குகிறேன்.

ஃபியூஸுக்கு 'உருகி' என்ற சொல் பாடநூல்களில் நன்றாகவே நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் வெடிக்கு வைக்கும் ஃபியூஸும் இதுவும் ஒரே எழுத்தில் இருந்தாலும் வேர்கள் வேறு. அது நூல் சுற்றும் கதிரிலிருந்து வந்தது, இது உருகுதலிலிருந்து வந்தது. நாம் முன்னதைத் திரி என்றும் பின்னதை உருகி என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். அதைவிட முக்கியம், அது 'உருக்கி' இல்லை, 'உருகி' என்பது. உருக்கி என்றால் வேறொன்றை உருக்குவது. இந்தக் கம்பியோ தானே உருகுகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகிறது. சுவருக்குள் ஓடும் கம்பியின் மின்காப்பு கருகுவதற்கு முன்னால் இந்த மெல்லிய கம்பி உருகி அறுந்து வழியை அடைக்கிறது. இத்தனையும் மூன்றெழுத்தில் அடங்கிவிட்டது!

இப்போது பிரேக்கருக்கு வருவோம். 'உடைப்பான்' என்றால் எதையோ உடைக்கிறது என்றுதான் காதில் விழும். அங்கே எதுவும் உடைவதில்லை. உள்ளே இரண்டு தொடுமுனைகள் சுருள்வில்லின் விசைக்கு எதிராக ஒரு கொக்கியால் சேர்த்துப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கொக்கியைத் தட்டிவிட இரண்டு வழிகள் உண்டு. மிகைச்சுமை என்றால் ஈருலோகப் பட்டை மெல்லச் சூடேறி வளைந்து தட்டும். குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) என்றால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. வரிச்சுருளின் (கம்பிச் சுருளின்) காந்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் தட்டிவிடும். 1924இல் பிரவுன் போவெரி நிறுவனம் காப்புரிமை பெற்ற சிறிய பிரேக்கர்தான் இன்று நாம் வீடுகளில் பார்க்கும் சிறு பிரேக்கரான எம்சிபிக்கு முன்னோடி. 16 ஆம்பியர் எம்சிபி ஒன்றில் 18 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரம் வரை அது அசையாமல் இருக்கலாம். 23.2 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விடுபட்டே ஆக வேண்டும். அதுவே சி வகை (காந்தம் தட்டும் அளவை வைத்துப் பிரித்த வகைகளில் ஒன்று) என்றால் 80 ஆம்பியருக்கும் 160 ஆம்பியருக்கும் நடுவில் எங்கோ காந்தம் உடனே வேலை செய்யும். எப்படியானாலும் முடிவில் நடப்பது ஒன்றுதான்: தொடுமுனைகள் விலகுகின்றன. கோளாற்றைச் சரிசெய்தபின் மறுபடி சேர்த்துவிடலாம். முறிந்த பொருளை அப்படிச் சேர்க்க முடியுமா?

அதனால் என் முன்மொழிவு மின்விலகி. உருகிக் காப்பது உருகி, விலகிக் காப்பது விலகி. பேச்சிலும் 'ஃபியூஸ் போயிடுச்சு', 'டிரிப் ஆயிடுச்சு' என்று தன்வினையில்தானே சொல்கிறோம்? 'மின்விலகி விலகிவிட்டது' என்பது அதே போக்கில் வருகிறது. டிரிப் என்ற வினைக்குத் தனியாக அலையவும் வேண்டாம்.

'மின்சுற்றுத் திறப்பான்' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். திறந்த சுற்று, மூடிய சுற்று என்பவை பாடநூலில் உள்ளவைதான். ஆனால் தமிழ்க் காதுக்கு மடை திறந்தால் வெள்ளம் பாய வேண்டும். திறந்தால் பாயாது, மூடினால் பாயும் என்பதைப் படிக்கிற பிள்ளை தலைகீழாக்கித்தான் மனதில் வைத்துக்கொள்கிறது. அந்தக் குழப்பத்தைக் கருவியின் பெயரிலும் ஏற்ற வேண்டாம்.

எதிர்ப்பும் வரும், தெரியும். ஒளிவிலகல் என்று ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். 'மின்' என்ற முன்னொட்டு அதைத் தீர்த்துவிடும் என்று நம்புகிறேன். இதைவிடக் கனமான கேள்வி, மின்னோட்டம் நின்றபின் கம்பியைக் கையால் பிரித்து வைக்கும் ஐசோலேட்டருக்கு என்ன பெயர் என்பது. உருகி, உருக்கி போல விலகி, விலக்கி என்று பிரித்து, கையால் இயக்குவதை 'மின்விலக்கி' ஆக்கலாமே என்று ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். மின்னோட்டம் பாயும்போது தொடுமுனைகளைப் பிரித்தால் இடையில் மின்வில் (காற்றைத் தாண்டிப் பாயும் சூடான மின்பொறி) எழும். பிரேக்கரில் அதை அடுக்கடுக்கான உலோகத் தகடுகளுக்குள் செலுத்தித் துண்டுதுண்டாக்கிக் குளிரவைத்து அணைக்கிறார்கள். உயர்திறன் உருகியில் குவார்ட்சு மணல் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு தானே கண்ணாடியாகிறது. சாதாரண ஐசோலேட்டரில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. சுமையோடு அதை இழுத்தால் இழுத்தவர் முகத்திலேயே மின்வில் பாயும். ஓர் எழுத்து மாறிப் படித்ததற்காக ஒருவர் அந்தக் கைப்பிடியைத் தொடக்கூடாது. ஐசோலேட்டருக்குத் 'துண்டிப்பான்' இருக்கட்டும். பிரேக்கருக்கு அந்தச் சொல்லை நான் மறுப்பதும் இதனால்தான்.

கூட்டுச்சொற்களாக்கிப் பார்த்தேன். எம்சிபி சிறு மின்விலகி, வாக்குவம் பிரேக்கர் வெற்றிட மின்விலகி, மின்சாரம் வெளியே கசிந்தால் விலகும் ஆர்சிசிபி கசிவு மின்விலகி. கடைசியில் சொன்னதைக் கட்டாயம் பிரித்துக் காட்ட வேண்டும். உருகியும் சாதாரண மின்விலகியும் கம்பியைத்தான் காக்கின்றன. ஆளைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் 16 ஆம்பியருக்குப் பக்கத்தில்கூட வராது. ஆளைக் காக்க வைக்கும் கசிவு மின்விலகி 30 மில்லி ஆம்பியருக்குள் விலகிவிடும். 'கசிவு' என்ற சொல் அதற்கு அவ்வளவு அவசியம்.

ரீக்ளோசர் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. விலகிய பிறகு தானே மறுபடி இணைந்து பார்க்கும் கருவி அது. 'மீளிணை மின்விலகி' நீளமாகப் படுகிறது. சுருக்கமாக யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?