"பயாலஜிக்கல் ஃபில்ட்ரேஷன்": தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்போருக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆயிரம் லிட்டர் நன்னீர்த் தொட்டிக்கு எந்த ஃபில்டர் என்ற இயலில் நிற்கிறேன். பஞ்சு அழுக்கைப் பிடிப்பது வடிகட்டல், சரி. ஆனால் பயாலஜிக்கல் ஃபில்ட்ரேஷனில் எதுவும் வடிவதில்லை. அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. "உயிரி வடிகட்டல்" என்றால் அந்த நுண்ணுயிர்கள் வாழும் செராமிக் வளையங்களையும் அழுக்குப் பிடிப்பவை என்றெண்ணிக் குழாய் நீரில் கழுவிவிடுவார்கள். குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

———

"தேற்றல்" இருக்கிறதே ஐயா! கலங்கிய நீரை இல்லத்துக் காழ் கொண்டு தேற்றுவது கலித்தொகையிலேயே வருகிறது. இல்லம் என்பது தேற்றா மரம், காழ் அதன் கொட்டை. தேறு தன்வினை, தேற்று பிறவினை. உடம்பு தேறுவதும் தேர்வில் தேறுவதும் இதன் கிளைகளே. தெளி என்பதற்கும் இதுவே வேர் என்பது என் துணிபு. "உயிர்த்தேற்றி" என்று வையுங்கள். "ஃபில்டர்" மட்டும் வேண்டாம். ஆய்தம் குற்றெழுத்துக்குப் பின்னால்தான் வரும், சொல்லுக்கு முதலில் வராது.

———

தேற்றாங்கொட்டை கலங்கலை அடியில் படியவைக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெளிவான நீரிலும் அம்மோனியா இருக்கும், மீன் சாகும். பண்ணையில் எல்லாரும் "பயோ ஃபில்டர்" என்கிறோம்; அப்படியே விடுங்கள்.

இந்த அளவுத் தொட்டிக்கு நான் சம்ப்தான் (மீன்தொட்டிக்குக் கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) சொல்வேன். கேனிஸ்டர் என்ற மூடிய கல ஃபில்டரைவிட வளையங்களுக்கு இடம் அதிகம், நீர் விழுந்து இறங்கும்போது காற்றும் கலக்கும். கரண்ட் போனால் மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும். சம்ப் என்றால், அப்போது மேல்தொட்டியிலிருந்து வடியும் நீருக்கு அதில் இடம் விட வேண்டும். இல்லையென்றால் வீடெல்லாம் தண்ணீர். அதையும் எழுதுங்கள்.

———

சென்னையில் சம்ப் என்றால் தரைக்கடியில் உள்ள தண்ணீர்த்தொட்டி அம்மா. "அடித்தொட்டி" எனலாம்.

———

அதுவும் தரைக்கடியில் இருப்பதாகத்தானே படும்? சம்ப் போதும்.

———

நன்றி. ஒருமித்த முடிவு இல்லாததால் "உயிரி வடிகட்டல்" என்றே வைத்துவிட்டேன். அப்புறம், "வளையங்களைத் தொட்டி நீரிலேயே அலசவும்" என்று தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். சம்ப், சம்ப்தான்.

———

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். "உயிரி வடிகட்டல்" மூன்றாம் வேற்றுமைத்தொகையா, இரண்டாம் வேற்றுமைத்தொகையா? உயிரியால் வடிகட்டுவதா, உயிரியை வடிகட்டி அகற்றுவதா? படிப்பவர் இரண்டாவதாக எடுத்தால் கையேடு சொல்வதற்கு நேர்மாறாகிவிடும். "உயிர்த்தேற்றி"யை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.