மூன்று மிதிக்கு மூன்று கணக்கு: கால் பழகுவது எப்படி?

புதுக்கால்:
டீசல் வண்டிப் புகைப் பரிசோதனை கற்கிறேன். வகுப்புப் பாடம் முடிந்தது, எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டேன். போன வாரம் செய்முறைப் பயிற்சி ஆரம்பித்தது, அங்கேதான் மானம் போகிறது. ஒரே லாரி, ஒரே புகைமானி (புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளக்கும் கருவி). நான் ஆக்சிலரேட்டரை மிதித்தால் 31, 44, 38 சதவீதம். பயிற்சியாளர் மிதித்தால் 41, 42, 41. என்ன வித்தியாசம் என்று கேட்டால் "கால் பழகணும்" என்கிறார், அதோடு சரி. வீட்டில் பழகலாம் என்றால் நான் லாரியா வைத்திருக்கிறேன்?

கரிக்கை:
தம்பி, உன் பயிற்சியாளர் சொன்னது சரிதான், பாதியில் நிறுத்திவிட்டார்.

மிதியை வெடுக்கென்று இறக்கும்போது டீசல் உடனே பாய்ந்துவிடும். டர்போ சுழன்று காற்றைத் தள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் காற்று போதாமல் வருகிற கரும்புகையைத்தான் நாம் அளக்கிறோம். நீ தயங்கித் தயங்கி மிதித்தால் டர்போ எட்டிப் பிடித்துவிடும், புகை குறைந்துவிடும். உன் 31 அப்படி வந்ததாகத்தான் இருக்கும். 44 வந்தபோது பயம் விட்டிருக்கும்.

இப்படி மிதித்துப் புகையை அளப்பதற்கான எஸ்ஏஇ ஜே1667 என்ற தர முறையில் மூன்று அளவுகளுக்கும் இடையே 5 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. உன்னுடையது 13. அதற்கு முன்பே மூன்று தரம் சும்மா மிதித்துக் குழாயில் படிந்த கரியை வெளியேற்றினாயா? பலர் இதை மறந்துவிட்டுக் கருவியைத் திட்டுவார்கள்.

பழக லாரி ஓடவே வேண்டாம். பயிற்சிக்கு நிற்கிற வண்டியில் இன்ஜினை அணைத்துவிட்டுக் குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் அடிவரை அழுத்து. காலைத் தூக்கி உதைக்காதே. இன்ஜின் ஓடும்போது, உச்ச வேகத்துக்கு வந்த பிறகு 1 முதல் 4 வினாடி பிடித்து, அப்புறம் விடு. அடுத்த மிதிக்கு முன் ஐடிலில், அதாவது மிதிக்காமல் ஓடும் நிலையில், குறைந்தது 5 வினாடி விடு, 45-ஐத் தாண்டாதே. இந்த இடைவெளியை வாய்விட்டு எண்ணு. எனக்குக் கை கொடுத்தது அதுதான்.

இன்னொன்று, இதைக் காலுக்கும் முன்னால் கற்றுக்கொள். இன்ஜின் வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் கவர்னர் வேகத்தைப் பிடிக்கிறதா என்று முதலில் மெதுவாக ஏற்றிப் பார்க்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒருநாள் அவசரத்தில் அதை விட்டுவிட்டு நேரே மிதித்தேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது, நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் பாய்ந்து அணைத்தார். அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆயில் அளவு, சக்கரக் கட்டை, பார்க்கிங் பிரேக், நியூட்ரல் எல்லாம் பார்த்த பிறகுதான் மிதி.

கண்ணாடித்துடைப்பான்:
கரிக்கை அண்ணன் சொன்னதோடு ஒன்று. புகைமானி சதவீதத்தில் காட்டுகிறதா, கே மதிப்பில் (ஒரு மீட்டருக்குப் புகை ஒளியை உறிஞ்சும் அளவு) காட்டுகிறதா என்று பாருங்கள். கருவியில் ஒளி புகையைக் கடக்கும் தூரம் 0.43 மீட்டர் என்றால் 50 சதவீதம் என்பது கே கணக்கில் சுமார் 1.61. நான் முதல் வாரம் இரண்டையும் குழப்பிக்கொண்டு, 1.6 என்று பார்த்ததும் "அட, சுத்தமான வண்டி" என்று எழுதிவைத்தேன்.

புதுக்கால்:
குதிகால் ஊன்றி இரண்டு நாள் பழகினேன். இன்று 39, 41, 40! ஆனால் புது லாரி ஒன்றில் மூன்று தரமும் 0 வந்தது. கருவி போய்விட்டதா?

கரிக்கை:
கருவி நன்றாக இருக்கிறது. அந்த வண்டியில் டிபிஎஃப், அதாவது புகைக்கரியை வடிக்கும் வடிகட்டி இருக்கும். வடிகட்டி லேசாக விரிசல் விட்டாலும் புகைமானி பல நேரம் 0-தான் காட்டும். அதனால்தான் பெல்ஜியம் 2022-லும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-லும் துகள்களை எண்ணும் கருவிக்கு மாறின. உன்னிடம் அது இல்லையென்றால் வால்குழாய்க்குள் விரல் விட்டுப் பார். இன்ஜினை அணைத்து, குழாய் ஆறிய பிறகு! விரலில் கரி அப்பிக்கொண்டு வந்தால் அந்த 0-வை அப்படியே நம்பிவிடாதே, வடிகட்டியைப் பார்க்கச் சொல்லிப் பயிற்சியாளரைக் கூப்பிடு.