கர்னலில் எழுத்து–இயக்கத் தடை: பூட்டா, வெறும் பாவனையா?

வளையம்சுழியம்: எங்கள் டிரைவர் குழுவில் ஒருவர் பூட் வரியில் (தொடங்கும்போது லினக்ஸின் மையமான கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) ரோடேட்டா=ஆஃப் போட்டு, எழுத்து–இயக்கத் தடையை அணைத்தே லினக்ஸை ஓட்டுகிறார். பிரேக்பாயிண்ட் (பிழை தேட ஓட்டத்தை நிறுத்தும் இடம்) வைக்க வசதியாம். எழுத முடிகிற பேஜ் (நினைவகத் துண்டு) இயங்கக்கூடாது, இயங்குகிற பேஜில் எழுதக்கூடாது என்பதுதானே விதி? இப்போது எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி சிபியு வகை) அதைக் கம்பைல் நேரத்தில் அணைக்கவே வழியில்லை. பூட் வரியில் அணைத்தால் என்ன அர்த்தம்?

பிட்63: அணைத்தால் அணைக்கட்டும். கர்னல் நினைவகத்தில் நினைத்த இடத்தில் எழுதுகிற ஓட்டை ஒருவனுக்குக் கிடைத்துவிட்டால், பேஜ் டேபிளும் (எந்தப் பேஜுக்கு என்ன அனுமதி என்ற அட்டவணை) அதே நினைவகத்தில்தான் கிடக்கிறது. எழுத்து அனுமதிக்கு ஒரு பிட், இயக்கத் தடைக்கு 63-ஆவது பிட். புரட்டிப் போட்டால் முடிந்தது. அதுகூட வேண்டாம், மாட்ப்ரோப் பாத் என்ற சரத்தில் (மாட்யூல் என்ற கர்னல் பாகங்களை ஏற்றும் நிரலின் பாதை இருக்கும் எழுத்துத் தொடர்) தன் கோப்பின் பெயரை எழுதிவிட்டால் கர்னலே அதை ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்துடன், இயக்கிக் கொடுக்கும். கோடில் ஒரு பைட் கூட மாறாது.

வளையம்சுழியம்: பேஜ் டேபிள் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டாமா? 2016-இல் வந்த லினக்ஸ் 4.8 முதல் நேரடி மேப்பின் (நினைவகம் முழுவதையும் கர்னல் பார்க்கும் முகவரிப் பகுதி) தொடக்கத்தையே எக்ஸ்86-64-இல் கலைத்துப்போட முடிகிறது. அதனால் முகவரியைக் கசியவிடும் இன்னொரு ஓட்டையும் தேவை. மாட்ப்ரோப் பாத்துக்குத் தனி அடைப்பு இருக்கிறது, ஸ்டாட்டிக் யூசர்மோட்ஹெல்பர்: வெளி நிரல் எதையும் கர்னல் ஒரே நிலையான நிரல் வழியாகத்தான் அழைக்கும். பின்வாசல் திறந்திருக்கிறது என்று முன்வாசலையும் திறந்து வைப்பீர்களா?

ஜிட்டர்: நடுவில் வருகிறேன். நீங்கள் இரண்டு பேருமே செலவைப் பேசவில்லை. கர்னல் தன் கோடைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கிறது: எஃப்ட்ரேஸ் (ஃபங்ஷன் அழைப்புகளைத் தடம் பார்ப்பது), ஜம்ப் லேபிள் (கோடின் கிளைகளை ஓட்டத்திலேயே மாற்றுவது), பிபிஎஃப் (கர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் சிறு நிரல்கள்). 2019-இல் 5.2 வந்ததிலிருந்து எக்ஸ்86-இல் இதற்குத் தற்காலிக முகவரி வெளி ஒன்றை எடுத்து, அந்த ஒரு சிபியு மட்டும் பார்க்கிற மாதிரி எழுதுகிறார்கள். அழகான வேலை. ஆனால் ஒரு சின்ன பிபிஎஃப் நிரலுக்காக அனுமதியை மாற்றினால் 2 எம்பி பேஜ் 512 துண்டாக உடையும், டிஎல்பி (முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் சிபியு கேஷ்) திணறும். அதனால்தான் 5.18-இல் பல நிரல்களை ஒரே பெரிய பேஜில் அடுக்கினார்கள். மாட்யூல்களுக்கும் அதையே 6.13-இல் கொண்டுவரப் பார்த்து, சிக்கல் வந்து, வெளியீட்டுக்குச் சற்று முன் எக்ஸ்86-இல் அணைத்தார்கள்.

பிட்63: பார்த்தீர்களா? இத்தனை பாடுபட்டும் காவலும் திருடனும் ஒரே வளையத்தில், அதாவது ஒரே அதிகார மட்டத்தில். விண்டோஸின் ஹெச்விசிஐ என்ற கோடு காவல் ஏற்பாடு போல, கர்னலுக்கும் மேலே நிற்கிற ஹைப்பர்வைசரிடம் சாவியைக் கொடுங்கள். ஐபோன் 7-இலேயே ஆப்பிள் ஹார்டுவேரில் பூட்டிவிட்டது. மற்றதெல்லாம் பாவனை.

வளையம்சுழியம்: ஹெச்விசிஐ காப்பதும் இதே விதியைத்தானே, ப்ரோ? கர்னலிலேயே எழுதி இயக்குகிற பேஜ் கிடந்தால் ஹைப்பர்வைசர் எதைப் பிடித்துக் காக்கும்? முதலில் கர்னல் ஒழுங்காகட்டும்.

பிட்63: அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது மட்டும் போதும் என்று யாரும் விற்க வேண்டாம்.

ஜிட்டர்: அந்த டிரைவர் நண்பருக்கு ஒன்று சொல்லுங்கள். கேஜிடிபி (கர்னலின் டீபக்கர்) நேரடியாக எழுத முடியாவிட்டால் எக்ஸ்86-இல் கோடு திருத்தும் அதே பாதையில் போய் பிரேக்பாயிண்டை வைத்துவிடும். அணைக்கத் தேவையே இல்லை. அணைத்தால் எழுதி இயக்குகிற பேஜ் உண்டா என்று பூட் ஆகும்போது நடக்கிற சோதனையும் சேர்ந்து போய்விடும். அவர் டிரைவரே அப்படி ஒரு பேஜை விட்டுவைத்தாலும் லாகில் எச்சரிக்கை வராது.