வில்வத்துக்குத் தொட்டி மாற்றினேன், நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து, ஒன்பதாவது மாடி:

மூன்று வருடமாக ஒரே தொட்டியில் நின்ற எங்கள் வில்வத்தைப் போன மாதம் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். ஒரு வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது. ஏன் தள்ளிப்போட்டேன் என்பதைச் சொன்னால் இங்கே யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கன்று வாங்கியபோது அதில் தொங்கிய அட்டையில் 'பெங்கால் குயின்ஸ்' என்று ஆங்கிலப் பெயர் போட்டிருந்தது. நானும் குயின்ஸ் மரத்தைத் தொட்டி மாற்றுவது எப்படி என்று தேடிப் படித்தேன். எங்கே பார்த்தாலும் ஒரே பதில்: குளிர்காலம் முடியும் நேரத்தில், இலையெல்லாம் உதிர்ந்து மரம் உறங்கும்போது மாற்றுங்கள். சரி, நம் மரமும் இலை உதிர்க்கட்டும் என்று காத்திருந்தேன். டிசம்பர் போனது, ஜனவரி மழை போனது, பிப்ரவரி வெயிலும் காற்றும் வந்தன. பத்து இலை பழுத்து விழுந்ததோடு சரி. மரம் உறங்கவே இல்லை. நான் படித்தது வேறு மரத்தைப் பற்றி, வேறு ஊரைப் பற்றி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்குள் செடி அடையாளம் காட்டத் தொடங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் ஓரமாகவே இறங்கி அடியில் ஒழுகிவிடும். மண் இறுகிச் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருந்தது. புது இலைகள் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் வந்தன. எங்கள் அத்தை, அதாவது கணவரின் அம்மா, தஞ்சாவூர்ப் பக்கம் தோட்டத்தோடு வளர்ந்தவர், ஒருநாள் தட்டைத் தூக்கிப் பார்த்து, "வேர் வெளியே வந்து தட்டைத் தடவுது, இன்னும் என்ன யோசனை?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தோம். முதல்நாள் இரவே நன்றாகத் தண்ணீர் விட்டுவைத்தேன், ஈர மண்தான் உடையாமல் வரும். முள் ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் இருக்கும், அதனால் கிளைகளைப் பழைய தமிழ் முரசு தாள்களால் சுற்றிக் கட்டினோம். பிளாஸ்டிக் தொட்டியைத் தட்டினேன், உருட்டினேன், அசையவில்லை. கடைசியில் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தேன். உள்ளே மண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் வேர். பென்சில் தடிமனுக்கு ஆணிவேர் அடியில் மூன்று சுற்றுச் சுற்றிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது, கீழே போக வழி தேடித் தேடிச் சுற்றியிருக்கிறது.

வில்வத்தில் லட்சுமி இருக்கிறாள் என்பது அத்தையின் நம்பிக்கை. மரத்தைத் தொட்டுக் கும்பிட்டு "மன்னிச்சுக்கோ தாயே" என்று சொன்ன பிறகுதான் என்னை வெட்டவிட்டார். சுற்றிய வேரை வெட்டினேன், ஓரத்துச் சல்லிவேர்களை விரலால் பிரித்துவிட்டேன், மொத்தத்தில் கால்பங்கு வேர் போயிருக்கும். மண்ணுக்கு இரண்டு பங்கு சுட்ட மண், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய உரம், கொஞ்சம் பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகள். அடியில் கூழாங்கல் போடவில்லை. போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே இருக்கும் பொடி மண் முழுக்க நனைந்து நிரம்பாமல் தண்ணீர் கல்லுக்குள் இறங்காது, அதனால் ஈரம் இன்னும் மேலே, வேருக்குப் பக்கத்தில்தான் தங்கும். துளையை வலைத்துண்டால் மூடினால் போதும். தண்டு பழைய தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட்டேன்.

நாலாம் நாள் இலை கொட்டத் தொடங்கியது. ஒரு வாரத்தில் பாதி மரம் மொட்டை. பிரதோஷத்துக்கு இலையைத் தேக்கா சந்தையில் வாங்கிக்கொண்டோம். வெயில் படாத சுவரோரம் நகர்த்தி, உரம் எதுவும் போடாமல், மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விட்டேன். பத்தொன்பதாம் நாள் காலையில் முள்ளுக்குப் பக்கத்தில் சிவந்த முளை தெரிந்தது, அத்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன்.

புதுத் தொட்டி அகலமானது என்பதால் காரிடாரை அளந்து பார்த்தேன். நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், அது இருக்கிறது. உங்கள் கதையையும் எழுதுங்கள்.

பொங்கோலிலிருந்து:

அக்கா, என்னுடையது பிழைக்கவில்லை. அடிக்கடி மாற்ற வேண்டாமே என்று இரண்டடி உயரச் செடியை நேரே 45 சென்டிமீட்டர் தொட்டியில் வைத்தேன், தப்பு அங்கேதான். அவ்வளவு மண்ணில் உள்ள ஈரத்தை அந்தச் சின்ன வேர் எப்படிக் குடித்து முடிக்கும்? நடுவில் வேர், சுற்றிலும் நாள் கணக்கில் காயாத சேறு. இலை மஞ்சளானதும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, தோல் கையோடு உரிந்து வந்தது, நாற்றம் வேறு. இப்போது எந்தச் செடியாக இருந்தாலும் பழையதை விட ஐந்து சென்டிமீட்டர்தான் கூடுதல் அகலம், இரண்டாவது விரல்கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்காமல் தண்ணீர் கிடையாது. இன்னொன்று, மேல்மண் இறுகினால் அதன்மேல் தண்ணீர் தேங்கும், அதிலும் கொசு முட்டையிடும். தட்டைக் கவிழ்ப்பதோடு நிறுத்தாமல் மண்ணையும் கொத்திவிடுங்கள். எங்கள் புளோக்கில் டெங்கி வந்தபோது வீடு வீடாக வந்தவர்கள் முதலில் பார்த்தது பூந்தொட்டிகளைத்தான்.

ஹவ்காங்கிலிருந்து:

அம்மா, பெயர்க் குழப்பம் உங்களால் வந்ததில்லை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்த மரத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோதே 'மார்மெலோஸ்' என்ற சொல்லைச் சேர்த்தார். போர்த்துகீசிய மொழியில் மார்மெலோ என்றால் குயின்ஸ் பழம், மார்மலேட் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். இரண்டும் உறவே இல்லை. குயின்ஸ் ஆப்பிள், பேரிக்காய் குடும்பம். நம் வில்வம் எலுமிச்சை, கறிவேப்பிலை குடும்பம், இலையைக் கசக்கி முகர்ந்தாலே தெரியும்.

அந்தக் குடும்பம் என்பதால்தான் சொல்கிறேன், கொழுந்து வரும்போது தினமும் இலையைத் திருப்பிப் பாருங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி எத்தனை மாடி ஏறியும் வந்து முட்டையிடும். புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், அதனால் கண்ணில் படாது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பை நீட்டி ஒரு வாடை விடும். தொட்டி மாற்றிய செடிக்கு முதல் கொழுந்துதான் சோறு, அதைத் தின்னவிட்டால் எழுந்திருக்காது. நான் புழுவைக் கொல்வதில்லை, கீழே சமூகத் தோட்டத்தில் உள்ள பெரிய லீமாவ் (எலுமிச்சை) மரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவேன், அது தாங்கும்.

தோ பாயோவிலிருந்து:

நான் நிஜமான குயின்ஸுக்கே தொட்டி மாற்றியிருக்கிறேன், மெல்பர்னில், அண்ணன் வீட்டில். அங்கே ஜூலையில்தான் குளிர். மரத்தில் ஓர் இலை இல்லை, வெறும் குச்சி. வேரில் ஒட்டிய மண்ணை முழுக்க உதறி, மூன்றில் ஒரு பங்கு வேரை வெட்டி, புது மண்ணோடு அதே தொட்டியில் வைத்தோம். செப்டம்பரில் ஒன்றுமே நடக்காதது போலத் துளிர்த்தது. பழத்தைப் பச்சையாகக் கடித்தால் வாய் கட்டிப்போகும், மணிக்கணக்காக வேகவைத்தால் சிவந்து அப்படி ஒரு வாசம்.

இலை இல்லாத மரம் தண்ணீரை வெளியே விடாது, அதனால் பாதி வேர் போனாலும் அதற்குச் சுமை இல்லை. இங்கே நம் செடிக்கு வருடம் முழுக்க இலை, பகல் முழுக்க வேரிலிருந்து தண்ணீர் இழுத்துக்கொண்டே இருக்கும். குளிர் வந்து செய்ய வேண்டிய வேலையை நாம்தான் செய்ய வேண்டும்: வேரை வெட்டிய அளவுக்கு மேலேயும் கொஞ்சம் கிளையைக் குறைத்து, பத்து நாள் நிழலில் வைப்பது. உங்கள் மரம் தானாகவே இலையை உதிர்த்துக் கணக்கைச் சரிசெய்திருக்கிறது. நீங்கள் முதலிலேயே நுனிகளை வெட்டியிருந்தால் அவ்வளவு கொட்டியிருக்காது என்று நினைக்கிறேன். மாதத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், துளைவழியே வேர் எட்டிப்பார்த்தால் அதுதான் நேரம். அடைமழை வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆமாம், வெட்டிய வேர்த் துண்டுகளை என்ன செய்தீர்கள்?

ஈசூனிலிருந்து:

தோ பாயோ அண்ணா, நுனி வெட்டும் விஷயம் எனக்குத் தெரியாது, அடுத்த முறை செய்கிறேன். ஹவ்காங் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு போய்ப் பார்த்தேன், ஒரு கொழுந்தின் அடியில் மஞ்சளாக ஒரே ஒரு முட்டை. இலையோடு எடுத்துவிட்டேன்.

வேரிலிருந்தும் வில்வம் முளைக்கும் என்று அத்தை சொன்னதால் தடித்த துண்டுகளில் இரண்டை ஈர மணலில் படுக்கவைத்திருக்கிறேன். ஐந்து வாரம் ஆகிறது. ஒன்று கறுத்துவிட்டது. இன்னொன்றை நகத்தால் லேசாகக் கீறினேன், உள்ளே இன்னும் ஈரமாக, வெள்ளையாகத்தான் இருக்கிறது. மறுபடி மூடி வைத்துவிட்டேன்.