சங்கங்கள் கேட்டால் சட்டம் மாறுமா?

சட்டமாணவி: அழுத்தக் குழுக்களால், அதாவது தங்கள் கோரிக்கைக்காக அரசை வற்புறுத்தும் அமைப்புகளால், சட்டம் திருத்தப்படுவது பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். பாடப்புத்தகத்தில் மனு, பேரணி, வழக்கு என்று பட்டியல்தான் இருக்கிறது. கட்சிப் பின்னணியோ பணபலமோ இல்லாதவர்கள் கேட்டு, நிஜமாகவே ஒரு சட்டம் மாறியிருக்கிறதா?

பாலக்காட்டான்: மாறியிருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவைப் பாருங்கள். அங்கே கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை, போக இடமில்லை என்பதால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவே பயந்தவர்கள் அவர்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கினார். அப்புறம் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கம், உட்காரும் உரிமைக்கான போராட்டம் என்று விடாமல் நின்றார்கள். 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது.

செல்வி: நான் ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருந்தவள். வாடிக்கையாளரே இல்லாத மத்தியான நேரத்திலும் உட்காரக் கூடாது, கால் வீங்கிப் போகும், கீழ்த்தட்டில் சேலை அடுக்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் குந்திக்கொள்வோம். 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்திலும், ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிற 22-ஏ பிரிவு வந்தபோது அவ்வளவு சந்தோஷம். கடையில் ஸ்டூலும் போட்டார்கள், ஆனால் அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார்.

ஆலைத்தொழிலாளி: முதலாளிகள் தரப்பும் அழுத்தக் குழுதான், அதையும் கட்டுரையில் எழுதுங்கள். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. முதலீடு செய்ய வரும் நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன என்று அமைச்சர் தரப்பிலேயே விளக்கம் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகள் எதிர்த்து வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். நிறுவனங்கள் கேட்பதைச் சொல்ல நேரே அமைச்சர் அறைக்குப் போக முடிகிறது, தொழிலாளி தெருவுக்கு வந்தால்தான் காதில் விழுகிறது. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சட்டமாணவி: நன்றி. செல்வி அக்கா, முறைத்தால் புகார் கொடுக்க முடியாதா?

செல்வி: கொடுக்கலாம்மா, தொழிலாளர் துறை ஆய்வாளரிடம். ஆனால் யார் கொடுத்தது என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் சங்கம் வேண்டும் என்கிறேன், சங்கத்தின் பெயரில் மனு போனால் தனி ஆள் மாட்ட மாட்டாள்.