புதுப்பிப்பு: 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்', இரண்டு சீசன் முடிந்தது

சிறுவயதில் விழுந்து விழுந்து பார்த்த இந்த விண்வெளித் தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்கப் போகிறேன், பழைய பிரமிப்பு கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருந்தேன். கலையவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

1987-இல் தொடங்கிய முதல் சீசன் நிறையவே தடுமாறுகிறது, பொறுமை வேண்டும். அப்புறம் இரண்டாம் சீசனில் வருகிறது, 1989-இல் ஒளிபரப்பான 'தி மெஷர் ஆஃப் எ மேன்' என்ற பகுதி. ஆண்ட்ராய்டான, அதாவது மனித உருவ ரோபோவான டேட்டா தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவனா, இல்லை அவன் வேலை பார்க்கும் விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் உடைமையா என்று விசாரணை. அவனுக்கு எதிராக வாதாட வேண்டியவர், அதே கப்பலில் இருக்கும் நண்பர் ரைக்கர். மறுத்தால் டேட்டா உடைமைதான் என்று தீர்ப்பாகிவிடும்.

அன்று எனக்கு ரைக்கர் மேல் ஒரே கோபம். விசாரணையில் டேட்டாவின் கையைக் கழற்றுகிறார், சுவிட்சை அழுத்தி அவனை அணைத்தே விடுகிறார்! இந்த முறை அதற்கு முந்தைய ஒரு சின்னக் காட்சியை மூன்று தடவை திரும்ப ஓட்டினேன். டேட்டாவின் வரைபடங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சுவிட்ச் ரைக்கரின் கண்ணில் படுகிறது. வழி கிடைத்துவிட்ட மகிழ்ச்சி முகத்தில் எட்டிப் பார்க்கிறது. அடுத்த நொடியே முகம் தொங்கிப்போகிறது. வசனமே கிடையாது. ஜோனதன் ஃப்ரேக்ஸ் இவ்வளவு நல்ல நடிகர் என்று அப்போது எனக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாம் சீசனின் கடைசிப் பகுதி பழைய காட்சிகளின் ஒட்டுவேலை, தாண்டிவிடலாம். சரி, அடுத்து மூன்றாவது சீசன். அதன் முடிவில் போர்க் என்ற பாதி மனித, பாதி இயந்திர எதிரிகள் வருகிறார்கள்; அதை மட்டும் இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கப் போகிறேன்.